திரும்ப மறுத்த பிக்கப்

தூத்துக்குடியில் ஒரு எலெக்ட்ரிக் கிட்டார் இருந்தது. பதினாறு வருஷமாக அது ஜெனோவா என்ற பெண்ணின் தோளில் தொங்கிக்கொண்டு ஊர் ஊராகப் போய் வந்தது.

ஜெனோவா ஒரு மெல்லிசைக் குழுவில் இருந்தாள். தொடக்கத்தில் பாடவும் செய்தாள். கழுத்தில் அறுவை சிகிச்சை நடந்த பிறகு அவள் குரல் கரகரத்துத் தணிந்துவிட்டது. மேல் ஸ்தாயியை எட்டிப் பிடித்தால் வெறும் காற்றுதான் வந்தது. அன்றிலிருந்து அவள் மேடையில் வாய் திறப்பதில்லை. சொல்ல வேண்டியதையெல்லாம் கிட்டார் சொன்னது.

எலெக்ட்ரிக் கிட்டாரின் மரம் தானாகப் பெரிய சத்தம் போடாது. கம்பிகளுக்கு அடியில் பதித்திருக்கும் இரண்டு பிக்கப்புகள்தான் கம்பிகளின் அதிர்வைக் கேட்டு, சத்தத்தைப் பெருக்கும் ஆம்புக்குச் சொல்லி அனுப்பும். கழுத்துப் பக்கம் ஒன்று, அடிப்பக்கம் ஒன்று. இந்தக் கிட்டாரில் இருந்த இருவரும் ஒரே ஆலையில் ஒரே நாளில் பிறந்தவர்கள். கழுத்துப் பக்கத்துக்காரர் மென்மையாகப் பேசுவார், அடிப்பக்கத்துக்காரர் சுள்ளென்று பேசுவார். சேர்ந்து பேசும்போது இருவருக்கும் நடுவே ஒரு பேச்சும் இடறியதில்லை.

ஆனால் வயதாகிவிட்டது. அவர்களுக்குள் ஊற்றியிருந்த மெழுகு வறண்டு, உள்ளே சுற்றியிருந்த செம்புக் கம்பி தளர்ந்துபோனது. ஆம்பில் சத்தத்தைக் கொஞ்சம் கூட்டினாலும் இருவரும் தங்களை அறியாமல் வீறிட்டார்கள். போன மாதம் ஒரு கல்யாண மண்டபத்தில் மணமேடையில் இருந்த மாப்பிள்ளையே காதைப் பொத்திக்கொண்டார்.

குழுவை நடத்துகிற ரெமிஜியுஸ் அன்று ஜெனோவாவைத் தனியாக அழைத்தார்.

“பதினாறு வருஷம் வாசிச்சிருக்க, நான் இல்லன்னு சொல்லல்ல. ஆனா சனம் காதைப் பொத்துது ஜெனோவா. அடுத்த மாசம் ஒரு வெள்ளிக்கிழமை திருவிழா மேடை. அதுலயும் கீச்சுன்னா கிட்டார் பிட்டையெல்லாம் நான் கீபோர்டுலயே போட்டுக்கிடுதேன். என்னயத் தப்பா நினைக்காத.”

“நினைக்கல்ல அண்ணே” என்றாள் ஜெனோவா. பிறகு வீட்டுக்குப் போய், விளக்கைப் போடாமல் உட்கார்ந்திருந்தாள். பாட்டு போயிற்று. இதுவும் போனால் மேடையில் அவளுக்கு என்ன வேலை?

இரண்டு மாற்று பிக்கப்புகளைத் தேடிப் பிடித்தாள். ஒன்று நாகர்கோவிலில் ஒருவர் கழற்றிப் போட்டிருந்த கிட்டாரிலிருந்து கிடைத்தது. இன்னொன்று புத்தம் புதியது, பார்சலில் வர வேண்டும். அது வந்து சேர்ந்தது வெள்ளிக்கிழமை காலை பதினொன்றரைக்கு. மேடையில் சவுண்டு செக் நாலு மணிக்கு.

துறைமுகத்துக்குப் போகும் சாலையில் பூபாலன் என்பவர் ஸ்பீக்கரும் ஆம்பும் பழுது பார்க்கும் கடை வைத்திருந்தார். ஜெனோவாவைவிடச் சில வயது இளையவர். கிட்டாருக்கு பிக்கப் மாற்றிய அனுபவம் அவருக்கு இரண்டே தடவைதான். இருந்தாலும் ஊரில் வேறு ஆள் இல்லை.

“மூணு மணிக்குள்ள முடிஞ்சிருமா தம்பி?”

“ரெண்டுக்கே முடிச்சிருவோம்க்கா. நாலு இடத்துல ஈயம் வைக்கணும், அவ்வளவுதான?” என்று சால்டரிங் அயர்னைச் சூடாக்கப் போட்டார் பூபாலன்.

கம்பிகளைத் தளர்த்தினார்கள். பழைய இருவரையும் வெளியே எடுத்து ஒரு செய்தித்தாளின் மேல் வைத்தார்கள். கிட்டாரின் மார்பில் இரண்டு வெற்றுக் குழிகள் தெரிந்தன.

“எனக்குக் குளிர்கிறது” என்றது கிட்டார்.

“கொஞ்ச நேரம் பொறு. ஆள் வருகிறார்கள்” என்றது ஆறு கம்பிகளில் மூத்ததான தடிக்கம்பி.

முதலில் நாகர்கோவில்காரி வந்தாள். மேலே பளபளப்பான உலோக உறை போட்டிருந்தாள். அவளிடமிருந்து ஒரே ஒரு வயர்தான் கிளம்பியது. நடுவே ஒரு கம்பி, அதைச் சுற்றிப் பின்னல் போட்ட வெளிக்கம்பி. அந்த உறைக்காரி கழுத்துப் பக்கக் குழியில் இறங்கி, “வணக்கம். இடம் வசதியாக இருக்கிறது” என்றாள்.

அடுத்து புதியவன் வந்தான். உறை இல்லை. கறுத்த உடம்பு, நான்கு நிறத்தில் நான்கு வயர்கள், கூடவே ஒரு மொட்டைக் கம்பி. பெட்டிக்குள் அவனோடு ஒரு காகிதமும் வந்திருந்தது. எந்த நிற வயர் எங்கே போக வேண்டும் என்று அதில் படம் போட்டிருந்தது.

“நான் ஹம்பக்கர்” என்று அவன் தன்னைச் சொல்லிக்கொண்டான்.

“நானும்தான்” என்றாள் உறைக்காரி.

“எனக்குள் இரண்டு சுருள்கள் இருக்கின்றன. வெளியிலிருந்து வரும் இரைச்சலை இரண்டும் சேர்ந்து அடித்துக் கொன்றுவிடும். கம்பி சொல்வதை மட்டும்தான் வெளியே விடுவேன்.”

“எனக்குள்ளும் அப்படித்தான் தம்பி” என்றாள் அவள், சிரித்தபடி.

இரைச்சல் என்பவன் வேறெங்கும் இல்லை, அந்தக் கடையின் டியூப்லைட்டிலேயே குடியிருந்தான். மின்விசிறியிலும் சுவரில் ஓடும் வயரிலும் அவனுக்கு வீடு உண்டு. மேலிருந்து எட்டிப் பார்த்து, “இரண்டு பேரும் கதவை நன்றாகச் சாத்திக்கொள்ளுங்கள்” என்று கேலியாகச் சொன்னான். யாரும் அவனைப் பொருட்படுத்தவில்லை.

பூபாலன் கிட்டாரைக் குப்புறக் கவிழ்த்து, முதுகில் இருந்த மூடியைத் திறந்தார். காகிதத்தைப் பார்த்துப் பார்த்து ஒவ்வொரு வயரையும் அளந்து வெட்டி, வால்யூம் திருகில் ஈயம் வைத்தார். கம்பிகளை மறுபடி முறுக்கி ஏற்றி, ஆம்பில் செருகினார்கள். மணி ஒன்றரை.

எந்த பிக்கப் பேச வேண்டும் என்று தேர்ந்தெடுக்கும் சுவிட்சை ஜெனோவா மேலே தள்ளினாள். உறைக்காரி மட்டும் பேசினாள். தேன் மாதிரி இருந்தது. சுவிட்சைக் கீழே தள்ளினாள். புதியவன் மட்டும் பேசினான். கத்தி மாதிரி இருந்தது. ஆம்பைக் கூட்டிப் பார்த்தாள். கீச்சு இல்லை.

ஜெனோவா கண்களை மூடித் திறந்தாள். ஒரு மாதமாக அடைத்திருந்த மூச்சு வெளியே வந்தது. “தம்பி, உயிர் வந்திருக்கு எனக்கு.”

“நான்தான் சொன்னேம்லா?”

அவள் சுவிட்சை நடுவில் வைத்தாள். நடுவில் வைத்தால் இருவரும் சேர்ந்து பேச வேண்டும். திருவிழாவின் முதல் பாட்டு அந்த இடத்தில்தான் தொடங்குகிறது. விரல்களை விரித்து ஆறு கம்பிகளையும் ஒன்றாக மீட்டினாள்.

டிங் என்று ஒரு ஒலி வந்தது. தகர டப்பாவில் ரப்பர் பேண்டைக் கட்டி இழுத்த மாதிரி. கனம் இல்லை, அடிப்பாகம் இல்லை. சத்தம் பாதியாகக் குறைந்திருந்தது.

மறுபடி மீட்டினாள். மறுபடி டிங்.

தடிக்கம்பிக்குக் கோபம் வந்துவிட்டது. “நான் உடம்பு முழுக்க அதிர்ந்தேன். அது எங்கே போயிற்று?”

“நான் கேட்டதை அப்படியே சொன்னேன்” என்றான் புதியவன்.

“நானும் ஒரு சொல் குறைக்கவில்லை” என்றாள் உறைக்காரி.

“அப்படியானால் நடுவில் யார் தின்றது?”

கிட்டார் பயந்துபோயிற்று.

மேசைக்கு வெளியேயும் நிலைமை சரியில்லை.

“என்ன தம்பி இது?”

“வயர் கலர் பார்த்துத்தான்க்கா வச்சேன். இந்தா பாருங்க பேப்பரு. என் மேல தப்பில்ல.”

“உங்க மேல தப்புன்னு யாரு சொன்னா? சத்தம் வரல்லன்னுதான சொல்லுதேன்.”

“அப்ப நீங்க வாங்கிட்டு வந்த பிக்கப்புலதான் என்னமோ கோளாறு.”

“ஒத்தையா போட்டா ரெண்டும் அருமையா இருக்கே! நீங்கதான கேட்டீங்க?”

பூபாலன் காகிதத்தை மேசைமேல் எறிந்தார். சிறிது நேரம் இருவரும் முகத்தை வேறு வேறு பக்கம் திருப்பிக்கொண்டு நின்றார்கள். மணி இரண்டைத் தொட்டது.

பிறகு பூபாலன் மெதுவாகத் தலையைத் தூக்கினார். “எக்கா, இன்னொரு தடவை அடிங்க.”

அடித்தாள்.

“ரெண்டு ஸ்பீக்கருக்கு பிளஸ் மைனஸ் மாத்திக் குடுத்தா அடியில வர்ற பேஸ் சத்தமே காணாமப் போகும்லா? ஒண்ணு வெளிய தள்ளும்போது இன்னொண்ணு உள்ள இழுக்கும். இதுவும் அதே கதைதான். ரெண்டும் வேற வேற கம்பெனி. அவன் வலம்னு வச்சதை இவன் இடம்னு வச்சிருக்கான். தப்பு யார்ட்டயும் இல்ல.”

“அதுக்கு என்ன செய்யணும்?”

“யாராச்சும் ஒருத்தரைத் திருப்பணும். ரெண்டு வயரை இடம் மாத்தி வச்சாப் போதும்.”

மேசைமேல் இருந்த எல்லோருக்கும் இது கேட்டது.

“என்னைத் திருப்ப முடியாது” என்றான் புதியவன் உடனே.

“ஏன்?” என்றது கிட்டார்.

“நான் காகிதத்தில் எழுதியபடி இருக்கிறேன். என்னைப் படைத்தவர்கள் இந்தப் பக்கம்தான் முன்பக்கம் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்கிறார்கள். சரியாக இருப்பவன் எதற்குத் திரும்ப வேண்டும்?”

“நானும் சரியாகத்தானே இருக்கிறேன்?” என்றாள் உறைக்காரி.

“உன்னிடம் காகிதம் இருக்கிறதா?”

உறைக்காரியிடம் காகிதம் இல்லை. அவள் ஒரு கிட்டாரில் பல வருஷம் பேசியவள். அது உடைந்தபோது பேச்சற்று அலமாரியில் கிடந்தவள். மறுபடி அந்த அலமாரிக்குப் போக அவளுக்கு மனமில்லை. “சரி, நான் திரும்புகிறேன். பேச்சு நடக்கட்டும்” என்றாள்.

பூபாலனும் அதையே நினைத்தார். அவளிடம் ஒரே வயர். நடுக்கம்பியையும் பின்னலையும் இடம் மாற்றினால் ஐந்து நிமிஷ வேலை. புதியவனிடமோ நான்கு நிறங்களைப் பார்த்துப் பிரிக்க வேண்டும்.

சால்டரிங் அயர்ன் உறைக்காரியின் பின்னலைத் தொட்டது. ஈயம் உருகியது. “வலிக்கிறதா?” என்றது அயர்ன். பொதுவாக அது யாரையும் அப்படிக் கேட்பதில்லை.

“சீக்கிரம் முடி” என்றாள் அவள்.

இரண்டு இருபதுக்கு மறுபடி மீட்டினாள் ஜெனோவா. சுவிட்ச் நடுவில் இருந்தது. இந்தத் தடவை ஆம்பிலிருந்து கனமான, நிறைந்த ஒரு ஒலி எழுந்து கடையை நிரப்பியது. அலமாரியில் இருந்த பழைய ஸ்பீக்கர்கள் கூட நடுங்கின.

“வந்திட்டு!” என்று பூபாலன் மேசையைத் தட்டினார்.

ஜெனோவா சிரித்துக்கொண்டே கையைக் கீழே இறக்கினாள். வாசிக்கும்போது அவள் சுண்டுவிரல் எப்போதும் கழுத்துப் பக்கத்து பிக்கப்பின் மேல் சாயும். அது அவளுடைய பதினாறு வருஷப் பழக்கம். விரல் உறையைத் தொட்டது.

ஙொய்ய்ய் என்று ஒரு உறுமல் ஆம்பைப் பிளந்தது.

ஜெனோவா கையை உதறினாள். உறுமல் நின்றது. மெல்லத் தொட்டாள். மறுபடி உறுமல்.

டியூப்லைட்டிலிருந்த இரைச்சல் விழுந்து விழுந்து சிரித்தான். “கதவைச் சாத்தச் சொன்னேனே! இப்போது அவள் தோலே எனக்குக் கதவு. யார் தொட்டாலும் நான் உள்ளே வருவேன்.”

உறைக்காரிக்குக் காரணம் புரிந்துவிட்டது. “என் உறையையும் வெளிப்பின்னலையும் ஒன்றாக வைத்து ஈயம் போட்டு மூடியிருக்கிறார்கள். என்னைத் திருப்பினால் உள்ளே இருக்க வேண்டியது வெளியே வந்துவிடுகிறது. நான் மனதார ஒப்புக்கொண்டேன். ஆனால் என் உடம்பு அதற்குக் கட்டப்படவில்லை.”

பூபாலன் தலையில் கை வைத்தார். “இது கவர் போட்ட பிக்கப்பு. இதைத் திருப்பவே கூடாது. அவசரத்துல எனக்கு மண்டையில ஏறல்ல. மன்னிச்சிருங்கக்கா.”

“இப்ப என்ன?”

“பழையபடி மாத்தணும். பொறவு அந்தப் புதுசைத் திருப்பணும்.”

அயர்ன் மறுபடி பின்னலைத் தொட்டது. இந்தத் தடவை பின்னலில் நாலைந்து இழைகள் கருகி உதிர்ந்தன.

“இன்னொரு தடவை என்னைச் சுட்டால் நான் பிடித்து நிற்க மாட்டேன்” என்றாள் உறைக்காரி. அவள் குரல் மெலிந்திருந்தது. பூபாலனும் அதைப் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தார்.

அப்போது ஜெனோவாவின் போன் அடித்தது. ரெமிஜியுஸ்.

“எங்க இருக்க?”

“பூபாலன் கடையில அண்ணே. வந்துருவேன்.”

“மேடைக்காரங்க முந்திக்கிட்டாங்க. சவுண்டு செக்கு மூணரைக்கு. நான் எதுக்கும் கீபோர்டுல கிட்டார் டோன் செட் பண்ணி வச்சிருக்கேன்.”

“வேண்டாம் அண்ணே. நான் வாறேன்.”

“வா. வந்தா சந்தோசம்.” போன் வைக்கப்பட்டது.

ஜெனோவா போனைக் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றாள். கீபோர்டில் ஒரு பொத்தானை அமுக்கினால் கிட்டார் சத்தம் வரும். இன்று ஒரு நாள் அது சமாளித்துவிட்டால் அடுத்த நாளும் சமாளிக்கும். அவளை யாரும் போகச் சொல்ல மாட்டார்கள். கூப்பிடாமல் இருப்பார்கள்.

மணி இரண்டு நாற்பது. கிட்டார் குப்புறக் கிடந்தது. எல்லோரும் புதியவனைப் பார்த்தார்கள்.

“பார்க்காதீர்கள்” என்றான் அவன். “என்னைத் திருப்பினால் என் குரல் தலைகீழாகிவிடும். குத்த வேண்டிய இடத்தில் குழையும். பிறகு அது என் குரலே இல்லை. ஒருவரும் கேட்காவிட்டாலும் நான் நானாக இருப்பேன்.”

“ஒருவரும் கேட்காத பிக்கப்புக்கும் ஆணிக்கும் என்ன வித்தியாசம்?” என்றது அயர்ன் எரிச்சலோடு.

தடிக்கம்பி அயர்னை அடக்கியது. பிறகு புதியவனிடம் நிதானமாகக் கேட்டது:

“உனக்குள் இரண்டு சுருள்கள் இருப்பதாகச் சொன்னாயே. இரண்டும் ஒரே பக்கமாகவா சுற்றியிருக்கின்றன?”

“இல்லை. ஒன்றுக்கொன்று எதிராக.”

“எதிராகச் சுற்றினால் இரண்டும் அடித்துக்கொள்ளாதா?”

“இரைச்சல் வந்தால்தான் அடித்துக்கொள்ளும், இரைச்சல் செத்துப்போகும். கம்பி பேசும்போது சேர்ந்துகொள்ளும். ஒன்றைத் திருப்பித்தான் வைத்திருக்கிறார்கள்.”

“அப்படியானால் அந்த இரண்டில் தோற்றது எது?”

புதியவன் பிடியை விடவில்லை.

பூபாலன் அயர்னின் முனையை ஈரப் பஞ்சில் துடைத்தார். புஸ் என்று ஆவி பறந்தது. புதியவனின் வயர்களில் ஒன்று வால்யூம் திருகின் காது போன்ற சிறு தகட்டில் இருந்தது. அது உடனே வந்துவிட்டது. மற்றொன்று திருகின் முதுகில், பெரிய ஈயக் கட்டிக்குள் மற்ற கம்பிகளோடு புதைந்திருந்தது. அந்த உலோகம் சூட்டை உறிஞ்சிக் குடித்தது. ஈயம் இளகுவதும் இறுகுவதுமாக இருந்தது.

“இது வர மாட்டேங்குதே” என்று பூபாலன் வயரைப் பிடித்து இழுத்தார்.

“விட மாட்டேன்” என்றான் புதியவன். ஈயத்தை இறுகக் கட்டிக்கொண்டான்.

பூபாலன் இன்னும் பலமாக இழுத்தார். நெற்றியிலிருந்து வியர்வை இறங்கிக் கண்ணில் விழுந்தது.

புதியவனுக்குள் எங்கோ ஆழத்தில் ஒரு சிறிய வலி கிளம்பியது. தலைமுடியைவிட மெல்லிய செம்புக் கம்பி ஆயிரக்கணக்கான சுற்றுகளாக அவனுக்குள் படுத்திருந்தது. அதன் முனை ஒட்டியிருந்தது இந்த வயரில்தான். இழுக்க இழுக்க அந்த முனை நூலாக விறைத்தது. அது அறுந்தால் அவன் அவ்வளவுதான். எந்தப் பக்கமும் பேச மாட்டான்.

“தம்பி, இழுக்காதீங்க!” ஜெனோவா அவர் மணிக்கட்டைப் பிடித்தாள்.

“நேரமில்லக்கா!”

“அறுந்துதுன்னா நேரமே வேண்டாம். விடுங்க. சூடு மட்டும் வையுங்க. நான் பிடிச்சுக்கிடுதேன்.”

அவள் சாமணம் என்கிற சிறு இடுக்கியால் வயரின் கழுத்தை மெல்லப் பிடித்தாள். இழுக்கவில்லை. சும்மா பிடித்திருந்தாள். பூபாலன் அயர்னின் முனையை ஈயக் கட்டியின் மேல் சாய்த்து வைத்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தார்.

“இழுப்பதை நிறுத்திவிட்டார்கள்” என்றாள் உறைக்காரி, மறுகோடியிலிருந்து. “இனி உன்னை அறுப்பது நீயாகத்தான் இருக்கும்.”

புதியவன் ஈயத்துக்குள்ளிருந்து கேட்டான்: “நான் மாறிப்போனால்?”

“எனக்குத் தெரியாது. நான் திரும்ப முயன்று பார்த்தேன், என்னால் முடியவில்லை. உன்னால் முடியும். எனக்குத் தெரிந்தது அவ்வளவுதான்.”

ஈயம் பளிச்சென்று மின்னி உருகியது. ஒரு நொடிதான் அது அப்படி இருக்கும். அதற்குள் போனால் உண்டு, இல்லையென்றால் மறுபடி இறுகிவிடும். அந்த ஒரு நொடியில் புதியவன் கையை விட்டான்.

வயர் ஜெனோவாவின் சாமணத்தில் வழுக்கிக்கொண்டு வந்தது.

“வந்துட்டு” என்றாள் அவள்.

அதோடு முடியவில்லை. காகிதத்தின்படி அளந்து வெட்டியிருந்ததால், திருகின் காதுக்குப் போக அந்த வயர் ஒரு விரற்கடை நீளம் போதவில்லை. பூபாலன் பழைய பிக்கப்பின் வயரில் ஒரு துண்டை வெட்டி அதனோடு சேர்த்து ஒட்டினார். “பொறுமையா வையுங்க தம்பி, நான் ஒண்ணும் சொல்லல்ல” என்றாள் ஜெனோவா. கடிகாரத்தைப் பார்க்காமல் இருக்க அவள் தலையைக் குனிந்துகொண்டாள்.

மூன்று ஏழுக்கு மூடியைப் போட்டுத் திருகாணிகளை முறுக்கினார்கள். ஆம்பில் செருகினார்கள். சுவிட்ச் நடுவில்.

ஜெனோவா மீட்டினாள்.

கடை நிறைந்தது. மேலே தேன், ஓரத்தில் கத்தி, அடியில் தடிக்கம்பியின் முழு உடம்பு. அவள் சுண்டுவிரலை உறையின் மேல் வைத்தாள். ஒன்றும் இல்லை. உள்ளங்கையையே வைத்து அழுத்தினாள். ஒன்றும் இல்லை. டியூப்லைட்டில் இரைச்சல் வாயை மூடிக்கொண்டு கிடந்தான்.

பூபாலன் ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார். “ஓடுங்கக்கா. பேசிக்கிட்டு நிக்காதீங்க.”

ஸ்கூட்டரின் பின்னால் கிட்டாரைக் கட்டிக்கொண்டு அவள் விரைந்தாள். வழியில் ரயில்வே கேட் மூடியிருந்தது. சரக்கு ரயில் ஒவ்வொரு பெட்டியாக நகர்ந்தது. மேடைக்கு அவள் வந்து சேர்ந்தபோது மூன்று நாற்பத்திரண்டு. டிரம்ஸ் பார்த்து முடித்திருந்தார்கள். ரெமிஜியுஸ் கீபோர்டுக்குப் பின்னால் நின்றபடி அவளைப் பார்த்தார்.

“வந்துட்டியா? செருகு.”

அவள் செருகினாள். முதல் பாட்டின் தொடக்கத்தை மீட்டினாள். மைதானத்தில் நாற்காலி போட்டுக்கொண்டிருந்தவர்கள் கையில் நாற்காலியோடு நின்றார்கள். ரெமிஜியுஸ் தலையை ஒருபக்கம் சாய்த்துக் கேட்டார். “சத்தத்தைக் கூட்டு” என்றார். கூட்டினாள். “இன்னும்.” இன்னும் கூட்டினாள். கீச்சு இல்லை, உறுமல் இல்லை. அவர் குனிந்து, கீபோர்டில் வைத்திருந்த கிட்டார் டோனை அணைத்தார். பிறகு, “மூணாவது பாட்டுல நடுவுல வர்ற பிட்டு உனக்கு. நீளமாவே வாசி” என்றார்.

ஜெனோவா தலையை மட்டும் ஆட்டினாள்.

ஆறரைக்குக் கச்சேரி தொடங்கியது. முதல் இரண்டு பாட்டுக்கும் சுவிட்ச் நடுவில்தான் இருந்தது. உறைக்காரியும் புதியவனும் சேர்ந்து பேசினார்கள். சனம் கை தட்டியது. கிட்டாருக்குக் குளிர் விட்டுப்போயிற்று.

மூன்றாவது பாட்டின் நடுவில் ஜெனோவா சுவிட்சைக் கீழே தள்ளினாள். இப்போது புதியவன் மட்டும் தனியாகப் பேச வேண்டும்.

பிற்பகல் முழுவதும் அவன் பயந்தது இந்த இடத்துக்குத்தான். துணையோடு பேசும்போது தன் குரல் கூட்டத்தில் கலந்துவிடும். தனியாக நிற்கும்போது என்ன வரும்? தலைகீழான ஏதோ ஒன்று, இத்தனை பேருக்கு முன்னால்?

அவள் மேல்கம்பியை வளைத்து மீட்டினாள். அவன் வாய் திறந்தான்.

கத்தி மாதிரி ஒரு ஒலி மைதானத்துக்கு மேலே எழுந்து, கோபுரத்து விளக்குகள் வரை போயிற்று. குத்த வேண்டிய இடத்தில் குத்தியது. முன்வரிசையில் ஒரு அம்மா பேச்சை நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்த்தாள். ஜெனோவா கண்ணை மூடிக்கொண்டு நீளமாக வாசித்தாள். தன் தொண்டையால் எட்ட முடியாத இடங்களுக்கெல்லாம் அவனை அழைத்துப் போனாள்.

பிட்டு முடிந்தது. கை தட்டல் ஓயவே இல்லை. அந்தச் சத்தத்துக்கு நடுவே புதியவன் தடிக்கம்பியிடம் மெதுவாகக் கேட்டான்:

“பகலில் ஒன்றரை மணிக்கு முதல்முறை தனியாகப் பேசினேனே, அந்தக் குரலுக்கும் இதற்கும் என்ன மாற்றம் தெரிந்தது?”

“ஒன்றுமில்லை” என்றது தடிக்கம்பி. “அச்சு அசல் அதே குரல். தனியாகப் பேசும்போது நீ எந்தப் பக்கம் பார்த்துப் பேசுகிறாய் என்று கேட்பவர்களுக்குத் தெரியவே தெரியாது.”

“அப்படியானால்,” என்றான் புதியவன், “அவ்வளவு நேரம் நான் எதைக் காப்பாற்றிக்கொண்டிருந்தேன்?”